மகமையும் மருத்துவச்சாலையும்: ஜம்சேட்ஜி ஜீஜீபாய் வரலாறு

சென்னை அயனாவரத்தில் கொன்னூர் நெடுஞ்சாலை வழியே சென்றிருப்போர் பிஞ்சராபோல் என்னும் பெயரைக் கண்டிருப்பர். பால் வற்றிய பசுக்களும் கைவிடப்பட்ட கன்றுகளும் அடைக்கலம் பெறும் இடம் அது. அப்பெயர் தமிழ்ச்சொல் அன்று. குசராத்தினின்று வணிகரோடு வந்த சொல். சூரத்து, அகமதாபாத்து முதலிய ஊர்களில் விலங்குகளுக்கான இத்தகைய காப்பகங்கள் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தன. 17ஆம் நூற்றாண்டில் சூரத்துக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள், நொண்டி மாட்டுக்கும் கிழக்குதிரைக்கும் மருத்துவமனை வைத்து நடத்தும் மக்களைக் கண்டு வியந்து தம் குறிப்புகளில் எழுதிச் சென்றுள்ளனர்.

பம்பாய் நகரில் அத்தகைய காப்பகம் ஒன்றை நிறுவ முன்னின்றவர் இருவர். ஒருவர் நம் சமயத்தவராகிய மோதிசந்து அமிசந்து. மோதிசா சேட்டு என்றால் பாலித்தானா யாத்திரை சென்றுவந்தோர் உடனே அறிந்துகொள்வர். சத்ருஞ்சய மலையில் இரு சிகரங்களுக்கிடையே கிடந்த பெரும்பள்ளத்தை நிரப்பி அதன்மேல் கோயில் தொகுதி எழுப்பியவர் அவர். மற்றவர் பார்சி இனத்தவரான ஜம்சேட்ஜி ஜீஜீபாய். அவர் பெயர் இன்று ஜே.ஜே. என்று இரண்டெழுத்தாகச் சுருங்கி, பம்பாய் மக்கள் நாள்தோறும் உச்சரிக்கும் ஒரு மருத்துவமனையின் பெயராக நிற்கிறது. இக்கட்டுரை அவரைப் பற்றியது. நோயுற்ற உயிருக்கு மருந்தளிக்கும் அறத்தை ஒரு நகரின் வணிகர் எவ்வாறு தம் கணக்கேட்டிலேயே எழுதிவைத்தனர் என்பதை அவர் வாழ்க்கையை விடத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்றை நான் அறியேன்.

ஜம்சேட்ஜி 1783ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். தந்தையார் குசராத்தைச் சார்ந்தவர். துணித்தொழிலில் சிறுவருவாய் ஈட்டியவர். 1799இல், பிள்ளைக்குப் பதினாறு அகவை ஆகும்போது, தாயும் தந்தையும் மறைந்தனர். பள்ளிப்படிப்பு என்று சொல்லத்தக்கது பெரிதாக இல்லை. தாய்மாமனாகிய பிராம்ஜி நசர்வான்ஜி பம்பாயில் வெற்றுப் பாட்டில்களை வாங்கி விற்கும் தொழில் செய்துவந்தார்; அதனால் அவர்க்குப் பாட்டிலிவாலா என்றே பெயர். அம்மாமன் கடையில்தான் ஜம்சேட்ஜி வரவு செலவு எழுதக் கற்றார். 1803இல் மாமன் மகள் ஆவாபாயை மணந்தார். பெருஞ்செல்வராகிக் கப்பல்களுக்கு உரிமையாளரான பின்னும் பழம்பாட்டில் வணிகத்தோடு தம் பெயர் இணைத்துப் பேசப்படுவதை அவர் இழிவாகக் கருதவில்லை.

இளமையிலேயே கடல் கடக்கும் துணிவு அவரிடம் இருந்தது. சீனத்துக்கு ஐந்து முறை சென்றுவந்தார். அவற்றுள் நான்காவது பயணம் அவர் வாழ்வையே மாற்றியது. 1805இல் பிரன்சுவிக் என்னும் ஆங்கிலக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, இலங்கையின் காலித் துறைக்கு அப்பால் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அதனை மடக்கிப் பிடித்தன. நெப்போலியன் காலத்துப் போர் கடலெங்கும் பரவியிருந்த காலம் அது. சரக்கு அனைத்தும் பறிபோயிற்று. கைதியாக நன்னம்பிக்கை முனைவரை கொண்டுசெல்லப்பட்டு, கையில் காசின்றி அந்நிய மண்ணில் நின்ற அவர், வேறொரு கப்பலேறி அல்லலுற்றுத்தான் கல்கத்தா சேர்ந்தார். அதே கப்பலில் மருத்துவராகப் பணியாற்றி, அவரோடு பிடிபட்ட இளைஞர் ஒருவர் உண்டு. அவர் வில்லியம் சார்டின். பிற்காலத்தில் கத்திரியைக் கைவிட்டுத் தராசைப் பிடித்த அந்த மருத்துவர், காண்டன் நகரில் சார்டின் மாத்திசன் என்னும் பெருநிறுவனத்தை 1832இல் தோற்றுவித்தார். பம்பாயில் ஜம்சேட்ஜி, சீனத்தில் சார்டின் என்று அமைந்த அந்த நட்பு இருவரையும் செல்வச் செழிப்பின் உச்சிக்குக் கொண்டுசென்றது.

ஐரோப்பியப் போர்களால் பருத்தி விலை ஏறியது. 1814இல் குட் சக்சஸ் என்னும் கப்பலைத் தமக்கென வாங்கினார். பின்னர்ப் பல கப்பல்கள். அவர்தம் கூட்டாளிகளைப் பாருங்கள்: சமணரான மோதிசந்து, கொங்கணி முசுலிமான முகமது அலி ரோகே, கோவாவைச் சார்ந்த கிறித்தவரான ரோசெரியோ டி பாரியா. நாற்சமயத்தார் ஒரே சரக்கில் பங்காளிகளாய் இருந்தனர். பம்பாயின் பிற்கால அறக்கொடைகள் பலவற்றில் சமய எல்லைகள் காணப்படாமைக்கு இக்கூட்டு வாணிபமே அடிப்படை என்பது என் எண்ணம். ஒருவரை ஒருவர் நம்பிச் சரக்கை ஏற்றியவர்கள் மருத்துவமனைக்கும் ஒன்றாகக் கையெழுத்திட்டதில் வியப்பில்லை.

அவர்தம் பொதுக்கொடையுள் முன்னதாகப் பேசப்படுவது 1822இல் நிகழ்ந்தது. சிறுகடனைத் திருப்பித்தர இயலாமல் பம்பாய்ச் சிறையில் அடைபட்டுக் கிடந்த ஏழைகளின் கடன்களை அவர் தாமே செலுத்தி அவர்களை விடுவித்தார். வறுமையை நேரில் கண்டவர் செய்யக்கூடிய செயல் அது. ஆயினும் அக்கொடை ஒருநாள் கொடை. சிறைக்கதவு மீண்டும் மூடும். மீண்டும் கடன்காரர் உள்ளே வருவர். அடுத்து அவர் செய்தவற்றில் வேறொரு முறையைக் காண்கிறோம்.

1832ஆம் ஆண்டு சூன் திங்களில் பம்பாயில் ஒரு கலகம் மூண்டது. தெருநாய்களைக் கொல்லும் ஆணை கோடைக்காலத்துக்கு முன்பே நடைமுறையில் இருந்தது. அவ்வாண்டு நடுவர்கள் அக்காலத்தை நீட்டித்தனர். கொல்லப்பட்ட நாய் ஒவ்வொன்றுக்கும் காவலர்க்குப் பணம் கிடைத்தமையால், வீட்டு வாயிலில் நின்ற நாயும் தப்பவில்லை. பார்சியர்க்கு நாய் சமயச் சடங்குகளோடு தொடர்புடைய உயிர். சமணர்க்கும் வைணவ வணிகர்க்கும் கொலை என்பதே பொறுக்கலாகாதது. கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குள் இருந்த படையினர்க்கு உணவும் நீரும் செல்வது தடைப்பட்டது. அரசு கலகத்தை அடக்கிவிட்டது. எனினும் நகரில் பெருகும் தெருநாய்களை என்செய்வது என்னும் கேள்விக்கு அடக்குமுறை விடையாகவில்லை.

அதற்கு விடை கூறியவர்கள் வணிகர்கள். கொல்லாதீர், எங்களிடம் தந்துவிடுங்கள் என்பதே அவர்கள் முன்வைத்த ஏற்பாடு. 1834ஆம் ஆண்டு அக்டோபரில் ஜம்சேட்ஜியும் மோதிசா சேட்டும் முன்னின்று பூலேசுவரம் பகுதியில் பிஞ்சராபோலை நிறுவினர். நாய்களோடு தொடங்கியது மாடு, குதிரை, ஆடு, பறவை என விரிந்தது.

இடம் வாங்குவது எளிது. நாள்தோறும் வைக்கோலும் தவிடும் வாங்குவது யார்? நம் நாட்டு அறச்சாலைகளில் பெரும்பாலானவை இக்கேள்வியின் முன்தான் சரிந்து விழுகின்றன. தொடங்கியவர் இருக்கும்வரை நடக்கும். அவர் பிள்ளைகள் காலத்தில் பூட்டு விழும். பம்பாய் வணிகர் இதனை முன்கூட்டியே உணர்ந்திருந்தனர். துறைமுகத்தின் வழியே செல்லும் பருத்தி, அபினி முதலிய சரக்குகளின் மேல் ஒரு சிறு தொகையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டு, அதனைப் பிஞ்சராபோலுக்கு உரியதாக்கினர். நம் ஊர்க் கடைவீதிகளில் மகமை என்று வழங்கியதற்கு ஒப்பானது அது. குசராத்தி வணிகர் இதனைத் தர்மாதா என்பர். சரக்கு கைமாறும்போதே விலைச்சீட்டில் அறத்துக்கான காசு தனி வரியாக எழுதப்பட்டுவிடும். வணிகர் கணக்கேட்டில் அதற்குத் தனித்தலைப்பு உண்டு. அக்காசு அவருடையது அன்று. அவர் கையில் தங்கியிருப்பது மட்டுமே. அரசாணை எதுவும் இன்றி, வணிகர் குழுவின் கட்டுப்பாட்டாலேயே அது வசூலானது. கொடுக்க மனமில்லாதவரும் சந்தையில் தம் பெயரைக் காத்துக்கொள்ளக் கொடுத்தார்.

என் தந்தையார் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமைக் காசை அவர் பிரித்து எழுதும்போது, அது முதலாளி கொடுப்பதா, வாங்க வந்தவர் கொடுப்பதா, விற்க வந்த உழவர் கொடுப்பதா என்று சிறுவனாகிய நான் கேட்டதுண்டு. மூவரும் மற்றவர் கொடுப்பதாக எண்ணிக்கொள்வதால்தான் அது தடையின்றி வருகிறது என்று அவர் சிரித்தபடி விளக்கினார். பிஞ்சராபோலின் பொருளியலும் அதுவே.

1836இல் மோதிசா சேட்டு மறைந்தார். சத்ருஞ்சயத்தில் அவர் எழுப்பிய கோயில்களின் பிரதிட்டையைக் காண அவர் இல்லை. மகன் அதனை நிறைவேற்றினார். பூலேசுவரத்துக் காப்பகம் இருவர் மறைவுக்குப் பின்னும் நின்றது. நெரிசல் மிகுந்த அக்கடைவீதிக்கு நடுவே இன்றும் பசுக்கள் அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன.

விலங்குக்குக் காப்பகம் எழுந்து நான்காண்டு கழித்து மனிதர்க்கான மருத்துவமனைக்கு வித்து ஊன்றப்பட்டது. அக்காலப் பம்பாயில் நோயுற்ற ஏழைக்குப் போக்கிடம் அரிது. ஐரோப்பியர்க்கென மருத்துவமனை இருந்தது. கப்பலில் மூட்டை சுமந்தவனும், பஞ்சம் பிழைக்க நாட்டுப்புறத்திலிருந்து வந்தவனும் காய்ச்சல் கண்டால் சத்திரத்துத் திண்ணையிலோ தெருவிலோ கிடக்க வேண்டியதுதான். 1838இல் ஜம்சேட்ஜி அரசுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். சாதி சமய வேறுபாடின்றி ஏழைகள் மருத்துவம் பெற ஒரு பெருமருத்துவமனை கட்டத் தாம் 1 லட்சம் ரூபாய் தர முன்வருவதாகவும், கிழக்கிந்தியக் கும்பெனி அதற்கு ஈடான தொகையைத் தரவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

இந்நிபந்தனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1 லட்சம் ரூபாயில் அவரே தம் பெயரால் ஒரு சிறு மருத்துவமனையைக் கட்டித் தாமே தலைவராய் அமர்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஏழையின் நோய் அரசின் பொறுப்பும் ஆகும் என்பதை, கெஞ்சியோ வாதாடியோ அன்றி, ஒரு வணிக ஒப்பந்தத்தின் வடிவில் கும்பெனியாரை ஏற்கச் செய்தார். கொடுக்கும் கையைக் கண்டு கொடாதிருக்க அரசுக்கும் நாணம் வந்திருக்கும். பணத்தை எண்ணிப் பழகியவர்களுக்குப் பணத்தாலேயே பாடம் சொன்ன திறம் அது.

அதே ஆண்டில் பம்பாய் ஆளுநர் இராபர்ட் கிராண்டு மறைந்தார். இந்நாட்டு மாணவர்க்கு மேலைமருத்துவம் கற்பிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று விரும்பியவர் அவர். அவர் நினைவாக நகரத்தார் நிதி திரட்டினர். கல்லூரிக்கான செலவில் ஒரு பாதியை அந்நிதியும் மறுபாதியைக் கும்பெனியும் ஏற்றன. மருத்துவமனையும் கல்லூரியும் பைகுல்லாவில் அருகருகே அமையத் திட்டமாயிற்று. ஒரு தனிவணிகரின் கொடை, நகரத்தாரின் சந்தா, அரசின் பங்கு என்னும் மூன்று ஓடைகள் ஒரே குளத்தை நிரப்பின. 1843 சனவரியில் மருத்துவமனைக்குக் கால்கோள் நடந்தது. 1845இல் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கல்லூரியும் மாணவரைச் சேர்த்தது. 1851இல் அங்கிருந்து பட்டம் பெற்று வெளிவந்த முதல் அணியினருள் ஒருவர்தான், மருத்துவராகவும் வரலாற்றறிஞராகவும் புகழ்பெற்ற பாவு தாஜி.

இவ்விடத்தில் ஆவாபாய் அம்மையாரையும் குறிப்பிட வேண்டும். மாகிம் தீவையும் பாந்திராவையும் பிரித்த கடற்கழியில் படகுகள் கவிழ்ந்து மக்கள் மாண்டுவந்தனர். பாலம் கட்டப் பணமில்லை என்று கும்பெனி கைவிரித்தது. அம்மையார் 1,57,000 ரூபாய் அளித்தார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அச்சாலையும் 1845இல் திறக்கப்பட்டது.

இதுவரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அந்த 1 லட்சம் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து எழுத என் மனம் ஒப்பவில்லை.

ஜம்சேட்ஜி சீனத்துக்கு அனுப்பியவை பருத்தியும் அபினியும். மாளவத்தில் விளைந்த அபினி பம்பாய்த் துறை வழியாகக் காண்டன் சென்றது. 1820களில் அவ்வாணிபத்தில் தலைமையிடம் பெற்றிருந்த கூட்டில் ஜம்சேட்ஜியோடு மோதிசா சேட்டின் பெயரும் உண்டு. சீன அரசு அபினியைத் தடை செய்திருந்தது. ஆகவே சரக்கு கள்ளத்தனமாகவே கரையேறியது. 1839இல் லின் சேசு என்னும் ஆணையர் 20,000க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து அழித்தார். பம்பாய் வணிகர் பலர்க்கு அது பேரிழப்பு. ஆங்கில அரசு படையெடுத்தது. 1842 ஆகத்தில் நான்கிங்கு உடன்படிக்கையோடு போர் முடிந்தது. அதே 1842இல்தான் ஜம்சேட்ஜிக்கு நைட்டு என்னும் பட்டம் கிடைத்தது. இந்தியருள் அதனை முதலில் பெற்றவர் அவர். அடுத்த சனவரியில் மருத்துவமனைக்குக் கால்கோள். இந்நாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது, நான் எழுதுகோலைச் சிறிதுநேரம் கீழே வைத்துவிட்டேன்.

அக்காலத்தில் அபினி மருந்தாகவும் பயன்பட்டது. வலிதணிக்க அதனை மருத்துவர் தாராளமாக அளித்தனர். ஆங்கில அரசே வங்காளத்தில் அதனை விளைவித்து ஏலம் விட்டது. இவையெல்லாம் உண்மையே. எனினும் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட பதினைந்து தொழில்களுள் நஞ்சு விற்றலையும் ஒன்றாக வைத்திருக்கும் மரபினர் நாம். பூலேசுவரத்து நாய்க்கு இரங்கியவர்கள் காண்டன் நகரத்து மனிதனை ஏன் எண்ணவில்லை? கண்ணெதிரே துடிக்கும் உயிர் தெரிகிறது. கடலுக்கு அப்பால் அழிவது தெரிவதில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

பணியிலிருந்த காலத்தில் கடையெழு வள்ளல்களைப் பற்றி வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, அவர்களுக்கு அவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது ஐயா என்று வினவினாள். போரில் கொண்ட பொருளும் பரிசிலாக வழங்கப்பட்டது என்று நான் உரைத்தேன். அப்படியானால் அப்பொருளை இழந்தவர்கள் எந்தப் பாட்டில் வருகிறார்கள் என்பது அவளது அடுத்த கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று நான் தப்பினேன்.

ஜம்சேட்ஜியின் இறுதிக்காலம் கொடைகளாலேயே நிறைந்தது. நண்பர்கள் அவரைப் பாராட்டித் திரட்டிய தொகையை நல்ல நூல்களைக் குசராத்தியில் மொழிபெயர்க்கும் நிதியாக மாற்றச் செய்தார். பார்சி ஏழைகளுக்குக் கல்வி தரும் அறநிறுவனம் 1849இல் எழுந்தது. கலைப்பள்ளி ஒன்றுக்கும் பொருள் வழங்கினார். அது 1857இல் தொடங்கியது. அவ்வாண்டே பாரோனெட்டு என்னும் வழிவழிப் பட்டமும் அவர்க்கு அறிவிக்கப்பட்டது. 1859 ஏப்ரலில் அவர் உயிர் நீத்தார். வாழ்நாளில் அவர் அளித்த கொடைகள் 2 லட்சத்து 30 ஆயிரம் பவுனுக்கு மேற்பட்டவை என்று கணக்கிட்டனர்.

அவர் காட்டிய வழியில் பம்பாய் வணிகர் குடும்பங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக மருத்துவமனைகளைக் கட்டின. பெண்களுக்கான காமா மருத்துவமனை 1886இல் திறக்கப்பட்டது. பரேலில் விலங்குகளுக்கென பாய் சாக்கர்பாய் தின்சா பெட்டிட்டு மருத்துவமனை எழுந்தது. அதனையொட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1886இல் தோன்றியது. பூலேசுவரத்தில் அடைக்கலமாகத் தொடங்கியது பரேலில் அறிவியலாக வளர்ந்தது எனலாம்.

1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடினர். அவ்வாண்டு அக்டோபரில் பம்பாய் வந்த ஆஃப்கின் என்னும் அறிஞர், கிராண்டு மருத்துவக் கல்லூரியில் தமக்கு ஒதுக்கப்பட்ட சிறிய இடத்தில் இரவுபகலாய் உழைத்தார். 1897 சனவரி 10ஆம் நாள் தாம் உருவாக்கிய தடுப்பூசியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அடுத்து அதனை ஏற்க முன்வந்தவர்கள், அம்மருத்துவமனைக்கு அண்மையிலிருந்த பைகுல்லாச் சிறையின் கைதிகள்.